கோடிட்ட இடங்களை நிரப்பி ஆங்கிலம் பழகலாம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்றதும் பலருக்கும் தேர்வுத் தாள்தான் நினைவுக்கு வரும். தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் எதையாவது போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. அதே பழக்கத்தோடு ஆங்கிலப் பயிற்சிக்கு வந்தால் எத்தனை பத்திகளை நிரப்பினாலும் பெரிதாக ஒன்றும் மனதில் ஒட்டாது. கோட்டில் சொல்லை எழுதுவது பாதி வேலைதான். இந்த இடத்தில் இந்தச் சொல்தான் வரும், மற்றது வராது என்பதற்குப் பத்திக்குள்ளேயே எங்கோ ஒரு சாட்சி இருக்கும். அதைத் தேடிப் பிடித்துக் காட்டுவது மீதிப் பாதி. ஆங்கிலம் படிவது இந்த இரண்டாம் பாதியில்தான். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஆங்கில எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பயிற்சி செய்யும்போது அவற்றை ஒரு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு தொடருங்கள். ஸ்பெல்லிங்கும் கூடவே பழகிவிடும்.

தனி வாக்கியம் போதாதா?

போதாது. ‘ஹி ____ டு தி ஸ்டேஷன்’ என்று ஒரு வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் வென்ட் போடலாம், கோஸ் போடலாம், ரேன் போடலாம், ட்ரோவ் போடலாம். எதையும் மறுக்க முடியாது. அதே வாக்கியத்துக்கு முன்னால் ‘ஹிஸ் கார் வாஸ் இன் தி கராஜ் தட் மார்னிங்’ என்று ஒரு வரி இருந்தால் ட்ரோவ் அநேகமாக விழுந்துவிடும். நேற்றைய கதை என்பதால் கோஸும் போய்விடும். பின்னால் ‘ஹி அரைவ்ட் அவுட் ஆஃப் ப்ரெத்’ என்று வந்தால் ரேன் என்று துணிந்து எழுதலாம். பத்தியாகப் படிக்கும்போதுதான் சொற்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவது கண்ணுக்குத் தெரியும்.

இந்த முறை புதிதல்ல. மறதியை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ், 1897-இல் பிரெஸ்லாவ் நகரப் பள்ளிக் குழந்தைகளின் அறிவுத்திறனைச் சோதிக்க, இடைவெளி விட்ட பத்திகளைப் பயன்படுத்தினார். 1953-இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர் இதற்கு ‘க்ளோஸ்’ முறை என்று பெயரிட்டார். அவர் அளக்க நினைத்தது மாணவரை அல்ல, எழுத்தை. ஒரு கட்டுரையில் ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிட்டுப் பலரை நிரப்பச் சொன்னார். நிறையப் பேர் சரியாக நிரப்பினால் அது எளிதில் புரியும் கட்டுரை என்பது அவர் கணக்கு. மொழி கற்பிப்பவர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகு.

இன்று கிடைக்கும் பத்திகள் பெரும்பாலும் நான்கு வகை. எந்த உதவியும் இல்லாமல் வெறும் கோடு மட்டும் இருப்பது ஒன்று. இதில் சிறு சிறு இலக்கணச் சொற்களே அதிகம் கேட்கப்படும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை சொல்வளத்துக்கானது. வேர்ச்சொல்லைக் கொடுத்து அதன் சரியான வடிவத்தைக் கேட்பது மூன்றாவது. சொல்லின் முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் அழிப்பது நான்காவது.

ஒரு பெட்டிக்குள் பத்துச் சொற்களைக் கொடுத்து, பத்துக் கோடுகளில் பொருத்தச் சொல்வதும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு மதிப்பில்லை. எட்டை நிரப்பிவிட்டால் மீதி இரண்டும் கழித்தல் கணக்கில் வந்துவிடும். பெட்டியில் இரண்டு மூன்று சொற்கள் கூடுதலாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

முதலில் பத்தியைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

கடினமான பத்தியோடு மல்லுக்கட்டினால் வேகமாக முன்னேறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சாட்சியே புரியாத வழக்கில் தீர்ப்பு எழுத முடியாது. ஒரு நூலை யார் துணையும் இல்லாமல் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடாவது தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் தம் ஆய்வுகளில் சொல்கிறார். நூறு சொல்லுக்கு இரண்டு தெரியாத சொல் என்பது கணக்கு. பயிற்சிப் பத்திக்கு அவ்வளவு கறார் வேண்டாம். நான்கைந்து வரை போகலாம். அதற்கு மேல் போனால் அந்தப் பத்தியை எடுத்து வைத்துவிட்டு எளிதான ஒன்றைத் தேடுங்கள்.

நீளம் 120 முதல் 200 சொல் போதும். கோடுகள் எட்டு அல்லது பத்து. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏழெட்டுச் சொற்களாவது இருக்க வேண்டும். கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொல்ல முடியாமல் போய்விடும். பத்தில் ஆறிலிருந்து எட்டு வரை சரியாக வந்தால் அது உங்களுக்கு ஏற்ற நிலை. பத்தும் சரியென்றால் மகிழ்ச்சிதான், ஆனால் அன்றைக்குக் கற்றது குறைவு.

செய்யும் முறை

முதல் படி: பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பத்தி முழுவதையும் ஒருமுறை படியுங்கள். கோடு வரும் இடத்தில் மனதுக்குள் ‘ம்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். படித்து முடித்ததும் இது எதைப் பற்றியது, எந்தக் காலத்தில் நடக்கிறது, எழுதுபவர் ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்று தமிழில் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வரி வரவில்லை என்றால் மறுபடி படியுங்கள். முதல் கோட்டைப் பார்த்ததும் எழுத ஆரம்பிக்கும் அவசரம்தான் பாதிப் பிழைகளுக்குக் காரணம்.

இரண்டாம் படி: ஒவ்வொரு கோட்டிலும் எந்த வகைச் சொல் வரும் என்று முடிவு செய்யுங்கள். வினைச்சொல்லா, பெயர்ச்சொல்லா, ப்ரெபொசிஷனா (இன், ஆன், அட் போன்றவை), இணைப்புச் சொல்லா? சொல் தெரியாவிட்டாலும் வகை தெரியும். அதைக் கோட்டின் மேல் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: சொல்லை எழுதுங்கள். நான்கு விடைகள் கொடுத்திருந்தால் அவற்றைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் நீங்களாக ஒரு சொல்லை யோசியுங்கள். பிறகு திறந்து பாருங்கள். விடைகளைப் பார்த்துக்கொண்டே யோசித்தால் நான்குமே சரி போலத் தோன்றும்.

நான்காம் படி: அந்தச் சொல்லுக்குச் சாட்சியாக இருக்கும் சொல்லை அடிக்கோடிட்டு, கோட்டோடு ஒரு அம்புக்குறியால் இணையுங்கள். பக்கத்தில் தமிழிலேயே காரணம் எழுதுங்கள். மூன்று நான்கு சொல் போதும். காரணம் எழுத வராத இடத்தில், விடை சரியாக இருந்தாலும், ஒரு கேள்விக்குறி போட்டுவிடுங்கள். அது குருட்டு அதிர்ஷ்டம். அடுத்த முறை வராது.

கடைசியாக, நிரப்பிய பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். அதன் பிறகுதான் விடைப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

ஒரு பத்தியைச் செய்து பார்ப்போம்

கீழே உள்ளது உதவி எதுவும் இல்லாத வகை. ஒரு கோட்டுக்கு ஒரே ஒரு சொல். எளிய சிறு பத்தி என்பதால் கோடுகள் சில இடங்களில் நெருக்கமாக இருக்கும்.

‘ஹனி பீஸ் லிவ் இன் லார்ஜ் காலனீஸ். ஈச் காலனி ஹேஸ் (1)____ க்வீன், அண்ட் ஷி லேஸ் ஆல்மோஸ்ட் ஆல் (2)____ தி எக்ஸ். தி வொர்க்கர்ஸ், (3)____ ஆர் ஆல் ஃபீமேல், லீவ் தி ஹைவ் டு லுக் (4)____ நெக்டர். வென் எ வொர்க்கர் ஃபைண்ட்ஸ் எ ரிச் பேட்ச் ஆஃப் ஃப்ளவர்ஸ், ஷி ஃப்ளைஸ் ஹோம் (5)____ பெர்ஃபார்ம்ஸ் எ டான்ஸ். தி ஆங்கிள் ஆஃப் தி டான்ஸ் டெல்ஸ் தி அதர்ஸ் (6)____ டைரக்ஷன் டு ஃப்ளை இன். கார்ல் வான் ஃப்ரிஷ், ஹூ ஸ்டடீட் திஸ் டான்ஸ் ஃபார் மெனி இயர்ஸ், (7)____ அவார்டட் எ நோபல் ப்ரைஸ் இன் 1973. (8)____ தென், சயின்டிஸ்ட்ஸ் ஹேவ் லெர்ன்ட் மச் மோர் அபவுட் இட்.’

மேலே படிக்கும் முன் நீங்களே நிரப்பிவிடுங்கள்.

முதல் கோடு: க்வீன் என்பது எண்ணக்கூடிய ஒருமைப் பெயர். ஆங்கிலத்தில் அப்படிப்பட்ட பெயர் மொட்டையாக நிற்காது. முன்னால் ஏதாவது ஒன்று வேண்டும். எ அல்லது ஒன், இரண்டும் சரி. இரண்டாவதில் இரு பக்கமும் பாருங்கள்: இடப்பக்கம் ஆல், வலப்பக்கம் தி. நடுவில் பொருந்துவது ஆஃப்.

மூன்றாவது கோடு இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவில் சொருகிய ஒரு துணை வாக்கியத்தின் தொடக்கம். கோட்டுக்கு அடுத்து ஆர் என்ற வினை வந்துவிட்டதால் எழுவாயும் இணைப்பும் சேர்ந்த ஒரு சொல் வேண்டும். ஹூ அல்லது விச். தேனீயை ஷி என்று எழுதியிருப்பதால் ஹூ இன்னும் பொருத்தம். தட் எழுதியவர்கள் காற்புள்ளியைக் கவனிக்கவில்லை. அப்படிக் காற்புள்ளி போட்டுப் பிரித்த துணை வாக்கியத்தில் தட் வராது.

நான்காவது, ஃபார். லுக் ஆஃப்டர் என்றால் பராமரிப்பது, லுக் அட் என்றால் பார்ப்பது. கூட்டை விட்டுக் கிளம்பிப் போகிறவை தேடத்தான் போகின்றன.

ஐந்தாவது கோட்டில் டு என்று எழுதத் தோன்றும். வீட்டுக்குப் பறக்கிறது, எதற்காக? நடனமாட. பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் பெர்ஃபார்ம்ஸ் என்பதன் கடைசியில் ஒரு எஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறதே! டு வந்தால் அந்த எஸ் இருக்காது. ஃப்ளைஸ், பெர்ஃபார்ம்ஸ் என்று இரண்டு வினைகளும் ஒரே கோலத்தில் நிற்கின்றன. அவற்றை இணைப்பது அண்ட். பொருள் மட்டும் பார்த்து நிரப்புகிறவர்கள் விழும் குழி இதுதான்.

ஆறாவதில் வேர் என்று எழுதியிருந்தால் ‘எங்கே பறப்பது’ என்று தமிழில் யோசித்திருக்கிறீர்கள். கோட்டுக்கு வலப்பக்கம் டைரக்ஷன் என்ற பெயர்ச்சொல் நிற்கிறது. வேர் அதன் முன்னால் நிற்காது. விச் அல்லது வாட் நிற்கும். தி என்றாலும் வாக்கியம் சரியாகவே வரும். விடைப் பக்கத்தில் விச் மட்டும் அச்சாகியிருந்தால் தி எழுதியவர் தவறென்று அடித்துக்கொள்வார். அச்சிட்ட விடை கடவுள் வாக்கு அல்ல. உங்கள் பக்கம் சாட்சி இருந்தால் அகராதியில் போய்ச் சரிபாருங்கள்.

ஏழாவது, வாஸ். பரிசு அவருக்குக் கொடுக்கப்பட்டது, ஆண்டு 1973 என்று முடிந்துபோன காலம். எட்டாவது, சின்ஸ். சாட்சி கொஞ்சம் தள்ளி இருக்கிறது: ஹேவ் லெர்ன்ட். அன்று தொடங்கி இன்று வரை தொடர்வதைச் சொல்லும் வினை வடிவம் அது.

எட்டுக் கோடுகளில் ஒன்றுக்குக்கூட பெரிய சொல் தேவைப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1961-இல் வெளிவந்த அமெரிக்க எழுத்துகளிலிருந்து பத்து லட்சம் சொற்களைத் திரட்டிய பிரவுன் பல்கலைக்கழகத் தொகுப்பில் தி மட்டும் கிட்டத்தட்ட 70,000 முறை வருகிறது, ஆஃப் சுமார் 36,000 முறை. அரிய சொற்களை மனப்பாடம் செய்யும் ஆர்வத்தில் பாதியையாவது இந்தப் பொடிச் சொற்களுக்குக் கொடுத்தால் நல்லது.

தமிழில் யோசிப்பவர்கள் தடுமாறும் இடங்கள்

தமிழில் நினைப்பதை நிறுத்துங்கள் என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். தொடக்க நிலையில் அது நடக்காத காரியம். அதைவிட, தமிழ் எங்கே கைகொடுக்கும், எங்கே கவிழ்க்கும் என்று தெரிந்துகொள்வது மேல். கோடுகளும் பெரும்பாலும் இதே இடங்களில்தான் வந்து விழும்.

ஆர்ட்டிகிள், அதாவது எ, தி போன்ற சொற்கள், தமிழில் இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் அதன் நிழல் இருக்கிறது. ‘புத்தகம் படித்தேன்’ என்பதற்கும் ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்குச் சொல்லாமலே தெரியும். இரண்டாவதில் இன்ன புத்தகம் என்று பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்திருக்கிறது. அஃறிணைச் செயப்படுபொருளோடு ‘ஐ’ சேர்த்தால்தான் சரியாக இருக்கும் என்று உங்கள் காது சொல்கிற இடத்தில் ஆங்கிலத்தில் தி வர நிறைய வாய்ப்பு உண்டு. எல்லா இடத்துக்கும் பொருந்தாது, எழுவாய்க்கு உதவாது. ஆனாலும் வெறும் ஊகத்தைவிட எவ்வளவோ மேல்.

‘இல்’ உருபு ஆபத்தானது. பெட்டியில், சுவரில், வாசலில் என்று தமிழ் மூன்றுக்கும் ஒரே உருபைப் போடும். ஆங்கிலம் இன் தி பாக்ஸ், ஆன் தி வால், அட் தி டோர் என்று பிரிக்கும். உள்ளே இருந்தால் இன், மேற்பரப்பில் ஒட்டியிருந்தால் ஆன், ஒரு புள்ளியாகக் கருதினால் அட். காலத்துக்கும் இதே மூன்று: மாதமும் ஆண்டும் இன், நாளும் தேதியும் ஆன், மணி அட்.

‘பத்து வருடங்களாக இங்கே இருக்கிறேன்’ என்பதில் வினை நிகழ்காலம். அதை அப்படியே கொண்டுபோய் ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதுவோர் ஏராளம். இரண்டு இடத்தில் தவறு. முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதை ஆங்கிலம் ஹேவ் போட்டுத்தான் சொல்லும்: ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர்’. பிறகு, தமிழில் ‘ஆக’ என்று வந்தால் ஃபார், ‘இருந்து’ என்று வந்தால் சின்ஸ்: பத்து ஆண்டுகளாக என்பது ஃபார் டென் இயர்ஸ், 2015-இலிருந்து என்பது சின்ஸ் 2015. இங்கே தமிழ் நமக்குத் துணை நிற்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இட், தேர் இரண்டும் வரும் கோடுகளைப் பலர் வெறுமையாக விட்டுவிடுவார்கள். ‘மழை பெய்கிறது’, ‘மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது’ என்று சொல்லும்போது நமக்கு எதுவும் குறைவதாகத் தோன்றாது. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் இடத்தில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். ‘இட் இஸ் ரெயினிங்’, ‘தேர் இஸ் எ புக் ஆன் தி டேபிள்’. வாக்கியத் தொடக்கத்தில் கோடு இருந்து அடுத்து இஸ், வாஸ், சீம்ஸ் என்று வந்தால் இந்த இரண்டையும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

ஹூ, விச், ஹூஸ் வரும் இடங்களிலும் அதே கதை. ‘நான் பார்த்த ஆள்’ என்று பெயரெச்சத்திலேயே காரியத்தை முடித்துவிடும் மொழி நம்முடையது. ஆங்கிலம் முதலில் ஆளைச் சொல்லிவிட்டு, பிறகு விளக்கத்தைத் தொங்கவிடும். பெயர்ச்சொல்லை ஒட்டிக் கோடு, அதற்கடுத்து வினை என்றால் ஹூ அல்லது விச். கோட்டுக்கு அடுத்து ஒரு மொட்டைப் பெயர்ச்சொல் வந்தால் ஹூஸ் ஆக இருக்கலாம்.

இன்னொன்று: ஆல்தோ என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் பட் எழுதக் கை துறுதுறுக்கும். வேண்டாம், இரண்டில் ஒன்றுதான். ஆல்தோவுக்குப் பின் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியம் வரும், டிஸ்பைட்டுக்குப் பின் பெயர்ச்சொல் வரும். பொருள் ஒன்றேயானாலும் வலப்பக்கத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

சொல்வளப் பத்திகள்

நான்கு விடைகளும் தமிழில் ஒரே பொருள் தருவது போல இருக்கும். இந்த வகையின் தந்திரமே அதுதான். ‘தி பேர்ட் இஸ் ____ ஆஃப் ஃப்ளையிங் லாங் டிஸ்டன்சஸ்’ என்பதற்கு ஏபிள், கேப்பபிள், ஸ்கில்ட், லைக்லி என்று கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பொருளைப் பார்த்தால் ஏபிள் என்றுதான் கை போகும். ஏபிளுக்குப் பின் டு வரும், லைக்லிக்குப் பின்னும் டு, ஸ்கில்ட் என்றால் அட் அல்லது இன். ஆஃபோடு சேர்வது கேப்பபிள் மட்டுமே. விடையைத் தீர்மானித்தது கோட்டுக்கு அடுத்து நின்ற இரண்டெழுத்துச் சொல்.

அதனால் புதுச் சொல்லைத் தனியாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். டிபெண்ட் என்று எழுதாமல் டிபெண்ட் ஆன் என்று எழுதுங்கள். சக்ஸீட் இன், ப்ரிவென்ட் ஃப்ரம், இன்ட்ரஸ்டட் இன். அதேபோல ஹெவி ரெயின், ஸ்ட்ராங் விண்ட், மேக் எ மிஸ்டேக், டூ டேமேஜ், டேக் எ போட்டோ என்று ஜோடியாகவே எழுதுங்கள். பலத்த மழைக்கும் பலத்த காற்றுக்கும் நாம் ஒரே அடையைப் போடுகிறோம். ஆங்கிலம் மழைக்கு ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங் என்று பிரித்து வைத்திருக்கிறது. ஏன் என்று கேட்டுப் பயனில்லை.

ரைஸ், ரெய்ஸ் குழப்பத்தைத் தமிழே தீர்த்து வைக்கும். விலை உயர்ந்தது, விலையை உயர்த்தினார்கள். தானாக உயர்வது ரைஸ். ஒருவர் உயர்த்துவது ரெய்ஸ். கோட்டுக்கு அடுத்து ‘எதை’ என்ற கேள்விக்கு விடை இருந்தால் ரெய்ஸ். ஆனால் சே, டெல் இரண்டையும் நாம் ‘சொல்’ என்றே சொல்கிறோம். இங்கே தமிழ் உதவாது. கோட்டை ஒட்டி யாரிடம் சொன்னார் என்பது வந்தால் டெல் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஹி டோல்ட் மீ’.

சரிபார்க்க, மொழி கற்போருக்கென்றே தயாரித்த ஆங்கில-ஆங்கில அகராதியைப் பயன்படுத்துங்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொருளைவிட அவற்றில் உள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது அங்கேதான் இருக்கும்.

வேர்ச்சொல் கொடுத்துக் கேட்கும் பத்திகளில் வகையைத் தீர்மானிப்பதே முக்கால் வேலை. ‘ஷி மேட் எ குவிக் ____’ என்று இருந்து வேர்ச்சொல் டிசைட் என்றால், குவிக் என்ற அடைக்குப் பின் பெயர்ச்சொல்தான், ஆகவே டிசிஷன். பலர் தவறவிடுவது எதிர்மறை முன்னொட்டு. ‘டிஸ்பைட் ஹிஸ் எஃபர்ட்ஸ், தி அட்டெம்ப்ட் வாஸ் ____’ என்பதற்கு சக்ஸஸ் வேர்ச்சொல்லானால் சக்ஸஸ்ஃபுல் என்று எழுதி நிமிர்ந்துவிடுவார்கள். டிஸ்பைட் இருக்கும்போது அது அன்சக்ஸஸ்ஃபுல்.

பாதிச் சொல் அழித்த வகையை 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் உருவாக்கினார்கள். முதல் வாக்கியத்தை முழுதாக விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து ஒன்று விட்டு ஒரு சொல்லின் பின்பாதியை எடுத்துவிடுவார்கள். டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வில் இந்த வகை வருகிறது. ஸ்பெல்லிங் பலவீனமானவர்களுக்கு இது நல்ல மருந்து. மற்றவர்கள் வாரம் ஒன்று செய்தால் போதும்.

பிழை நோட்டு

ஒரு நோட்டு வேண்டும். தவறிய கோடுகளை மட்டும் அதில் எழுதுங்கள்: முழு வாக்கியம், நீங்கள் எழுதிய சொல், சரியான சொல், சாட்சி. கூடவே பிழையின் வகையையும் ஒரு சொல்லில் குறியுங்கள். ஆர்ட்டிகிள், ப்ரெபொசிஷன், காலம், ஜோடிச் சொல், அவசரம் என்று. சில வாரங்களில் ஒரே வகை திரும்பத் திரும்ப வருவது தெரியும். அப்போதுதான் இலக்கணப் புத்தகத்தைத் திறக்க வேண்டும், அந்த ஒரு பாடத்துக்காக மட்டும். முதல் பக்கத்திலிருந்து இலக்கணம் படித்துவிட்டுப் பிறகு பயிற்சிக்கு வருவேன் என்பவர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லைத் தாண்டுவதில்லை.

நோட்டைச் சும்மா புரட்டிப் பார்ப்பதால் பயன் குறைவு. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பாடத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே முந்தினார்கள். ஆகவே நோட்டிலும் சரியான சொல்லை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு வாக்கியத்தை மறுபடி நிரப்புங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, மூன்று வாரம் கழித்து ஒருமுறை. ஆன்கி என்ற மென்பொருள் இந்த இடைவெளிகளை அதுவாகவே கணக்கிட்டுக் கொடுக்கும்; வாக்கியத்தில் ஒரு சொல்லை மறைத்து அட்டை செய்யும் வசதியும் அதில் இருக்கிறது. கணினியில் காசு கேட்பதில்லை.

நீங்களே பத்தி தயாரிப்பது

இரண்டு மாதம் போனதும் பிறர் செய்த பத்திகளைக் குறைத்துக்கொண்டு நீங்களே தயாரிக்கத் தொடங்குங்கள். உங்களுக்கு ஆர்வமுள்ள ஒரு ஆங்கிலக் கட்டுரையில் ஒரு பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டோ விண்வெளியோ, எதுவானாலும் சரி. முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் தொடாதீர்கள். நடுவில் உங்கள் பிழை நோட்டில் அதிகம் வரும் வகைச் சொற்களைப் பார்த்து எட்டு இடங்களில் கோடு போடுங்கள். ப்ரெபொசிஷன் சிக்கல் என்றால் எட்டும் ப்ரெபொசிஷனாகவே இருக்கட்டும். மூலத்தை வேறு பக்கத்தில் பத்திரப்படுத்திவிட்டு, நான்கைந்து நாள் கழித்து நிரப்புங்கள். அன்றே நிரப்பினால் கண் நினைவில் வைத்திருந்ததை எழுதுவீர்கள்.

சொல்லை எடுக்கும்போது ஒரு சோதனை: இதை எடுத்துவிட்டால் கண்டுபிடிக்கச் சாட்சி மிஞ்சுகிறதா? ஊர்ப் பெயர், எண், அடைமொழி போன்றவற்றை எடுத்தால் அது குறி சொல்லும் வேலை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டால் நொடியில் பத்தி தயாராகிவிடும். அவை அடிக்கடி சறுக்குவதும் இங்கேதான்: மூன்று சொல் பொருந்தும் இடத்தில் ஒன்றை மட்டும் சரி என்று சாதிக்கும். ஒவ்வொரு விடைக்கும் பத்தியிலிருந்து சாட்சியைக் காட்டு என்று அதனிடமும் கேளுங்கள். காட்ட முடியாத கோட்டை அடித்துவிடுங்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மட்டும் சில வரிகள். கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் வாசிப்புத் தாளின் முதல் மூன்று பகுதிகள் நான்கு விடை, வெறும் கோடு, வேர்ச்சொல் என்ற வரிசையில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் எட்டுக் கோடுகள். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் சுருக்கத்தை நிரப்பும்போது இத்தனை சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது என்று மேலே குறிப்பு இருக்கும். இரண்டு சொல் என்று இருக்கும் இடத்தில் மூன்று எழுதினால், பொருள் சரியானாலும் மதிப்பெண் கிடையாது. ஸ்பெல்லிங் தவறினாலும் அப்படியே. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் எந்தக் கோட்டையும் காலியாக விடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தேர்வும் பயிற்சியும் வேறு வேறு. பயிற்சியில் சொல்லே தோன்றாத கோட்டைக் காலியாக விடுவதே நேர்மை.

தினம் ஒரு பத்தி, இருபது நிமிடம் போதும். செய்து முடித்த பத்திகளைத் தூக்கி எறியாதீர்கள். சில வாரம் கழித்து அதே பத்தியை எடுத்து, முன்பு சாட்சியாக அடிக்கோடிட்ட சொற்களை இந்த முறை மறைத்து நிரப்பிப் பாருங்கள். தேனீப் பத்தியில் சின்ஸைத் திரும்ப எழுதிக்கொண்டு ஹேவ் லெர்ன்ட்டை அழித்தால் அதே பத்தி வேறொரு பாடமாகிவிடும்.